நற்சான்றுக் கடிதத்தில் ‘நம்பகமானவர்’ என்று எழுதலாமா?

பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை நடத்தும் ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். அவருடைய கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பெண், பெற்றோரைக் கவனிக்க வேண்டும் என்று பினாங்குக்கே திரும்புகிறார். அங்கே லெபோ பாசார் பக்கம் தமிழர் ஒருவர் கடையில் வேலைக்குச் சேர ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும். மலாயில் எழுதும்போது ‘அமானா’, ‘ஜுஜூர்’, ‘போலே டிபெர்சாயாய்’ என்று மூன்று சொற்கள் தடையில்லாமல் வந்துவிட்டன. தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘நம்பகமானவர்’, ‘நம்பிக்கையானவர்’, ‘நாணயமானவர்’ என்று மூன்று சொற்கள் எதிரே நிற்கின்றன. மூன்றும் ஒன்றா, எதை எழுதுவது, ‘அமானா’வுக்கு நேரான தமிழ் எது என்பது அவர் கேள்வி.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒன்றல்ல. கல்லாவில் கை வைக்கும் வேலை பார்த்தவருக்கு எழுதும் கடிதத்தில் ‘நாணயமானவர்’ கட்டாயம் இருக்க வேண்டும். ‘பொறுப்பானவர்’ அதற்கு அடுத்தது. ‘நம்பகமானவர்’ என்பதில் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒருவரை நம்பலாம் என்று சொன்னவுடன் ‘எதில் நம்பலாம்?’ என்று தமிழ் கேட்கும். பணத்திலா, சொல்லிலா, நேரத்திலா, ஒப்படைத்த பொருளைக் காப்பதிலா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டும் சொல்லைத் தேடுவதால்தான் எழுதும்போது கை நின்றுவிடுகிறது.

‘நம்பு’ என்ற வினையிலிருந்து தொடங்குவோம். தொல்காப்பிய உரியியலில் ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்று ஒரு நூற்பா இருக்கிறது. நம்பு, மேவு ஆகிய இரண்டும் நசையை, அதாவது விருப்பத்தைக் குறிக்கும் என்பது அதன் பொருள். இன்று நாம் சொல்லும் நம்புதலுக்கு அடியில் விரும்புதல் இருந்திருக்கிறது. அந்தச் சாயல் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ‘நாளைக்கு மழை வராது என்று நம்புகிறேன்’ என்னும்போது நாம் சொல்வது பெரிதும் விருப்பத்தைத்தான். ‘அவர் சொன்னதை நம்பினேன்’ என்னும்போது உண்மை என்று ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். ‘அந்த அம்மாவை நம்பி நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்னும்போது சார்ந்திருப்பதைச் சொல்கிறோம். உங்கள் கடிதத்துக்கு வேண்டியது இந்த மூன்றாவது பொருள்.

இந்த மூன்றாவது பொருள் பெரும்பாலும் ‘நம்பி’ என்ற வினையெச்சமாகவே வருவதைக் கவனியுங்கள். நம்பி ஒப்படைக்கலாம், நம்பிக் கடன் கொடுக்கலாம், நம்பிப் பிள்ளையை விட்டுச் செல்லலாம். நம்புவதோடு வாக்கியம் முடிவதில்லை. பின்னாலேயே ஒரு செயல் வந்து நிற்கிறது. நம்புகிறவர் எதையோ பணயம் வைக்கிறார், அது என்ன என்பதை அடுத்த வினை சொல்லிவிடுகிறது. கடிதத்தின் கடைசி வரியாக இந்த அமைப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து, நம்பிக்கையும் நம்பகமும். நம்பிக்கை என்பது நம்புகிறவரிடம் இருப்பது. நம்பகம் என்பது நம்பப்படுகிறவரிடமோ நம்பப்படும் பொருளிடமோ இருப்பது. ‘எனக்கு அவர்மேல் நம்பிக்கை உண்டு’ என்றால் நீங்கள் உங்கள் மனத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். ‘அவர் நம்பகமானவர்’ என்றால் அவரைப் பற்றிச் சொல்கிறீர்கள். ‘நம்பிக்கையான ஆள்’ என்பது மக்கள் வழக்கில் ஊறிப்போன தொடர். செய்தித்தாளில் மெய்ப்புப் பார்த்த ஆண்டுகளில் அதை நான் வெட்டியதில்லை, இனியும் வெட்டமாட்டேன். ஆனால் எழுத்தில் அது தடுமாற வைக்கும். ‘அவர் மிகவும் நம்பிக்கையானவர்’ என்று படித்தால், அவரை நாம் நம்பலாமா, அவர் எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையோடு இருக்கிறாரா என்று இரண்டு பக்கமும் பொருள் ஓடும்.

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளிலேயே இந்த இரண்டு பக்கமும் தெரியும். 2018 பொதுத் தேர்தலில் வென்ற பக்காத்தான் ஹராப்பானுக்குத் தமிழில் ‘நம்பிக்கைக் கூட்டணி’ என்று பெயர் வைத்தோம். ஹராப்பான் என்றால் எதிர்பார்ப்பு. அங்கே நம்பிக்கை என்பது இனி வரப்போகும் நல்லதைப் பற்றியது. அதே பத்திரிகையின் நீதிமன்றச் செய்தியைப் பாருங்கள். ஒப்படைத்த பணத்தைக் கையாடியதாக ஒருவர்மேல் குற்றவியல் சட்டத்தின் 409-ஆம் பிரிவின்கீழ் வழக்கு வந்தால் அதை ‘நம்பிக்கை மோசடி’ என்று எழுதுகிறோம். அங்கே நம்பிக்கை என்பது முன்பே ஒருவர் இன்னொருவரிடம் வைத்துவிட்டது. சொல் ஒன்றுதான், ஆனால் ஒன்று முன்னோக்கிப் பார்க்கிறது, மற்றது பின்னோக்கி.

நம்பிக்கைக்கும் நம்பகத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கம் என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். நம் குடும்பங்களில் கூட்டு பிடிக்கும் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். மாதந்தோறும் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. இதைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971-ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது, அதன் விளக்கப் பிரிவில் ‘சீட்டு’ என்ற சொல்லும் வருகிறது. இருந்தும் கூட்டுப் பணத்தோடு ஒருவர் காணாமல் போன செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஒரே குரலில் சொல்வது, ‘நம்பிக்கையான ஆள் என்றுதானே கொடுத்தோம்’ என்பது. நம்பிக்கை அவர்களிடம் நிறைய இருந்தது. நம்பகம் எதிரே இருந்தவரிடம் இல்லை. தன் மனத்தில் இருப்பதை மற்றவரிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டதில் தோட்டத்து உழைப்பும் தொழிற்சாலைச் சம்பளமும் கரைந்து போயிருக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் பொங்கும், ஏனென்றால் ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல. மகள் திருமணத்துக்கும் மகன் படிப்புக்கும் சேர்த்தவர்கள்.

அப்படியானால் ‘நம்பகமானவர்’ என்றே எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் அந்தச் சொல் இன்று குடியிருக்கும் வீடு வேறு. நம்பகமான தகவல், நம்பகமான வட்டாரம், நம்பகமான ஆவணம், நம்பகமான பதிப்பு என்று செய்தி, சான்று, கருவி ஆகியவற்றோடுதான் அது இயல்பாகப் பொருந்துகிறது. கல்வித்துறையில் அதற்கு இன்னும் நுட்பமான பொருள் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தவர்கள் மலாயில் ‘கெபோலேபெர்சாயாஆன்’, ‘கெசாஹான்’ என்று இரண்டைப் பிரித்துப் படித்திருப்பார்கள். தமிழில் முன்னதை நம்பகம் என்றும் பின்னதை ஏற்புடைமை என்றும் சொல்கிறோம். ஒரு சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தினாலும் முடிவு மாறாமல் இருப்பது நம்பகம். எதை அளக்க வேண்டுமோ அதையே அளப்பது ஏற்புடைமை. நகைக் கடைத் தராசு ஒன்று எப்போது வைத்தாலும் அரை கிராம் கூட்டியே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வைத்தாலும் அரை கிராம், மாலையில் வைத்தாலும் அதே அரை கிராம். அளவையியல்படி அந்தத் தராசு நம்பகமானது, ஆனால் ஏற்புடையது அல்ல. அந்தத் தராசை அறிந்தே வைத்து விற்கிறவரை நாணயமானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

‘நம்பகத்தன்மை வாய்ந்தவர்’ என்று சிலர் இன்னும் நீட்டி எழுதுகிறார்கள். ‘நம்பகமானவர்’ என்பதில் இல்லாத எதுவும் அதில் இல்லை. நீளம் கூடுவதால் மரியாதை கூடிவிடாது.

இப்போது நாணயத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்வேன். வடமொழியில் நாணகம் என்றால் காசு. அதிலிருந்து வந்த நாணயம் தமிழில் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. போலியில்லாத காசைக் கையில் வாங்கினால் அது எங்கே போனாலும் செல்லும். நாணயமான மனிதரின் சொல்லும் எங்கே போனாலும் செல்லும். பினாங்கு லிட்டில் இந்தியாவில் நாணய மாற்றுக் கடைகள் பல காலமாக இருக்கின்றன, அவற்றில் பெரும்பங்கு தமிழ் முஸ்லிம்களுடையது. அந்தத் தொழிலில் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே மேசைமேல் உட்கார்ந்திருக்கின்றன.

அதே பகுதியில், லெபோ பினாங்கில், நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும் கோயில் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்மேசை, தரையில் ஒரு பாய், அவ்வளவே இடம். கடைக்குப் பெயர்ப்பலகையைவிட முக்கியமானது விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள். கடல் கடந்து தொழில் செய்யப் போவதைக் ‘கொண்டுவிற்கப் போதல்’ என்பார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் அனுப்பிய முகவர் மூன்று ஆண்டுத் தவணையில் இங்கே இருந்து கடன் கொடுப்பார், வசூலிப்பார், கணக்கு எழுதி அனுப்புவார். முதலாளி கண்ணால் பார்க்காத பணம், கண்ணால் பார்க்காத கடனாளிகள். கப்பலில் போய் வரும் கடிதமும் கணக்கும் மட்டுமே இடையில் இருந்த கயிறு. அப்படிப்பட்ட தொழிலில் நாணயம் என்பது தனிமனிதரின் நற்குணம் என்ற அளவில் நிற்கவில்லை. அது ஒரு விலாசத்தின் சந்தை மதிப்பாகவே ஆகிவிட்டது. நாணயமுள்ள விலாசம் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, இன்னொரு ஊரில் இன்னொருவர் ஏற்றுப் பணம் கொடுப்பார். ‘நாணயம் கெட்டுவிட்டது’ என்ற பேச்சு கிளம்பினால், கையில் பணம் இருந்தாலும் தொழில் படுத்துவிடும். இன்றும் வணிகர்கள் ‘அவருக்குச் சந்தையில் நாணயம் இருக்கிறது’ என்று சொல்வது இந்தப் பழைய பொருளில்தான்.

காசிலிருந்து பிறந்த சொல்லாக இருந்தாலும் தமிழர் காதில் அது ‘நாண்’ என்பதையும் சேர்த்தே ஒலிக்கிறது என்று நான் நினைக்கிறேன். சொற்பிறப்பாக இதைச் சொல்லவில்லை. கேட்கும் மனம் செய்துகொள்ளும் உறவாகச் சொல்கிறேன். நம்பத்தக்கவரைத் தேர்வதற்கென்றே வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் ஒரு குறள், ‘அற்றாரைத் தேறுதல் ஓம்புக மற்றவர் பற்றிலர் நாணார் பழி’ என்கிறது. சுற்றமற்றவரை நம்பாதே, அவருக்குப் பற்று இல்லை, பழிக்கு நாணமாட்டார் என்பது பொருள். பழிக்கு நாணுவதுதான் ஒருவரை நம்பத்தக்கவராக்குகிறது என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது.

ஆனால் மலாயாவுக்கு வந்த நம் முன்னோரை நினைத்தால் இந்தக் குறளை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. கப்பலிலிருந்து பினாங்கில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் சுற்றத்தை விட்டு வந்தவர்கள். கங்காணி தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்து வந்த இடத்தில் பழைய உறவுக் கயிறு கொஞ்சம் மிஞ்சியது. தனியாக வந்தவருக்கு அதுவும் இல்லை. அற்றாரை நம்பாதே என்றால் தோட்டத்து லயத்தில் யார் யாரை நம்பியிருக்க முடியும்? அவர்களுக்குப் பொருந்தியது அதற்கு முந்தின குறள்: ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’. பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் போல, ஒருவரை உரைத்துப் பார்க்க அவர் செய்த செயலே போதும். விடியும் முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருகிறாரா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருகிறாரா, வாங்கிய ஐந்து வெள்ளியைச் சம்பள நாளில் திருப்பித் தருகிறாரா என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்த மக்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். அப்படி அறிந்த பிறகு சுற்றமில்லாதவர்கள் மாமன், மச்சான், அக்காள் என்று ஆனார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சொற்பக் கூலியிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்க முன்வந்தார்கள் என்றால், அந்த மக்களிடம் வளர்ந்திருந்த இந்தப் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மேலே காட்டிய குறளில் ‘தேறுதல்’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆராய்ந்து பார்த்துவிட்டு நம்புவதற்கு அதுதான் பழைய சொல். ‘தேறற்க யாரையும் தேராது’ என்று அதே அதிகாரம் சொல்கிறது: ஆராயாமல் யாரையும் நம்பாதே. இப்போது தேர்வில் தேறினான் என்கிறோம், நோயிலிருந்து தேறினார் என்கிறோம், நம்புதல் என்ற பொருள் நழுவிவிட்டது. ‘இவன் தேறமாட்டான்’ என்று அலுத்துக்கொள்ளும்போது மட்டும் அதன் ஒரு நிழல் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் இதைப் பயன்படுத்த முடியாது, ஆனால் கடிதத்தைப் படிக்கப்போகிறவர் செய்யவிருப்பது இந்தத் தேறுதலைத்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினைக்கு வந்தால் தமிழ் இன்னும் சரளமாகிறது. நம்பத்தக்கவரை நாம் அன்றாடம் எப்படி வருணிக்கிறோம்? சொன்ன சொல் தவறாதவர். நேரம் தவறாதவர். கணக்கில் பிசகாதவர். ஆபத்தில் கைவிடாதவர். எல்லாம் எதிர்மறை. என்ன செய்கிறார் என்பதைவிட, எதைச் செய்யத் தவறுவதில்லை என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது. இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பட்டினப்பாலை காவிரியை ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ ஆறு என்று சொல்கிறது. மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. வரவேண்டிய நேரத்தில் வராமல் போவதற்குத் தமிழில் ‘பொய்த்தல்’ என்று பெயர். ‘பருவமழை பொய்த்தது’ என்று இன்றும் எழுதுகிறோம். மழை வாய் திறந்து எந்த வாக்கும் கொடுக்கவில்லை, ஆனாலும் எதிர்பார்த்தவனை ஏமாற்றியதால் அது பொய். சொல்லில் பொய்ப்பதையும் செயலில் பொய்ப்பதையும் ஒரே சொல்லால் குறித்த மொழி இது. நம்பகம் என்ற சொல்லில் எனக்குக் கிடைக்காத ஒரு கடுமை, ‘பொய்யாதவர்’ என்பதில் இருக்கிறது.

அதே பட்டினப்பாலைதான் பூம்புகார் வணிகரை, வாங்கும்போது மிகுதியாக வாங்காதவர், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர் என்று புகழ்கிறது: ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’. இங்கேயும் எதிர்மறை வினைகளே. அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களில் ‘காழகத்து ஆக்கமும்’ உண்டு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்கிறார். கடாரம் நம் கெடா. 1786-இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றும் வரை பினாங்கும் கெடா சுல்தானின் நிலம்தான். லெபோ பாசாரில் துணி அளந்து கொடுக்கும் பெண்ணுக்கு எழுதும் கடிதத்துக்கு இத்தனை பழைய சொந்தம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

‘அமானா’வுக்கு நேரான தமிழ் எது என்று கேட்டீர்கள். முதலில், அது நமக்கு அந்நியமான சொல் அல்ல. அரபியிலிருந்து மலாய்க்குப் போன அதே வேர் தமிழுக்கும் வந்திருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ‘அமானிதம்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். ஒருவர் பாதுகாக்கச் சொல்லிக் கொடுத்த பொருள் அமானிதம். அதைத் தொடுவதும் பாவம், கேட்டபோது கொடுக்காமல் இருப்பதும் பாவம். பழைய வருவாய்த்துறைத் தமிழிலும் ‘அமானத்து’ என்றால் ஒப்படைத்த வைப்புத்தொகை.

இதற்கு ஆழத்தில் இணையான தமிழ்ச் சொல் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. மதுரைக்கு வெளியே கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குலப் பெண் மாதரியிடம் ஒப்படைக்கிறார். மாதரி அரசியும் அல்ல, செல்வரும் அல்ல. மோர் விற்றுப் பிழைப்பவள். கோவலன் கொலையுண்ட பிறகு, தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்று அவள் தீப்புகுந்தாள் என்பதைப் பின்னால் வேறொருவர் வாயிலாகக் காப்பியம் நமக்குத் தெரிவிக்கிறது. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் ஒப்படைத்தது தன் கையில் இருந்தபோது போயிற்று என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ‘அமானா’ என்ற சொல்லின் முழு எடையும் தமிழில் எங்கே இருக்கிறது என்றால் நான் மாதரியைத்தான் காட்டுவேன்.

ஆனால் கடிதத்தில் ‘அடைக்கலம்’ எழுத முடியாது. இன்று அந்தச் சொல் அகதிக்கும் புகலிடத்துக்கும் போய்விட்டது. ஆகவே ‘ஒப்படைத்ததைக் காப்பவர்’ என்று விரித்து எழுதுங்கள். ஒரே சொல்லில் அடங்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை. ‘ஜுஜூர்’ நேர்மை, கடைக் கணக்கு என்று வந்தால் நாணயம். ‘போலே டிபெர்சாயாய்’ என்பது நம்பத்தக்கவர். இதில் வரும் ‘பெர்சாயா’வே வடமொழிப் பிரத்யய என்பதிலிருந்து மலாய்க்குப் போனது.

‘விசுவாசமானவர்’ வேண்டாம். விசுவாசம் ஒரு முதலாளியையோ ஒரு தலைவரையோ நோக்கியது. உங்களுக்கு விசுவாசமாக இருந்தவர் என்பதால் அடுத்த கடைக்காரருக்கு என்ன பயன்? கேட்பதற்கும் அது ஆண்டான் அடிமைக் காலத்து ஒலியோடு இருக்கிறது. ‘கை சுத்தமானவர்’ என்பது பேச்சில் அருமையான தொடர், நேரில் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் ஏன் இதைத் தனியாகச் சொல்கிறார்கள் என்ற ஐயத்தைக் கிளப்பிவிடும். ‘பொறுப்பானவர்’ நல்ல சொல். பொறுத்தல் என்றால் சுமத்தல். யாரும் பார்க்காதபோதும் சுமையை இறக்கிவைக்காதவர் பொறுப்பானவர்.

கடிதத்தின் உடல் பகுதி இப்படி இருக்கலாம். செயல்களை மட்டும் உங்கள் கடையில் உண்மையாக நடந்தவற்றைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

‘இவர் எங்கள் கடையில் விற்பனைப் பிரிவில் பணியாற்றினார். பணத்தில் நாணயமானவர். மாலையில் கல்லாவைக் கணக்குப் பார்த்து மூடும் வேலையை இவரிடமே விட்டிருந்தேன், கணக்கு பிசகியதில்லை. தீபாவளிக் காலத்து நெருக்கடியிலும் வேலைக்கு நேரம் தவறியதில்லை. வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த துணிகளையும் முன்பணச் சீட்டுகளையும் பொறுப்போடு காத்து, சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தார். நான் வெளியூர் சென்ற நாள்களில் கடைச் சாவி இவரிடம் இருந்தது. இவரை நம்பிக் கடையை ஒப்படைக்கலாம்.’

இதில் ‘நம்பகமானவர்’ என்ற சொல் எங்கேயும் இல்லை. சேர்க்க விரும்பினால் கடைசி வரிக்கு முன்னால் சேருங்கள், முதல் வரியில் வேண்டாம். முதல் வரியில் வந்தால் அது வெறும் பாராட்டு. இத்தனை செயல்களுக்குப் பிறகு வந்தால் அவற்றின் பயனாக நிற்கும். ‘மிகவும்’, ‘மிக மிக’, ‘முற்றிலும்’ என்ற அடைகளை எடுத்துவிடுங்கள். நாணயத்தில் கொஞ்சம், நிறைய என்று அளவு கிடையாது. உங்கள் கையெழுத்தின்கீழ் கடை முத்திரையோடு தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். பினாங்குக் கடைக்காரர் ஒருமுறை அழைத்து உங்கள் குரலிலேயே கேட்டுக்கொள்ள விரும்புவார்.